ஐந்து வேளையும் தொழுகிறேன், தன்னம்பிக்கை மட்டும் வரவில்லை

நாணல்:
அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சிறுவயதிலிருந்தே வாய் திக்கும். தனியாகத் தொழும்போது குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா தங்குதடையின்றி வருகிறது. பின்னால் ஒரே ஓர் ஆள் நின்றுவிட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் வீட்டில் ஜமாஅத்தாக, அதாவது நான் முன்நின்று ஓத எல்லோரும் சேர்ந்து, தொழுவதையே தவிர்த்து வருகிறேன். மனைவி அழைக்கும்போது "நான் தொழுதுவிட்டேன்" என்று பொய்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டேன். தன்னைத் தாழ்வாக நினைப்பவனுக்கு ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனமாம். ஐந்து வேளையும் ஒழுங்காகத் தொழுதால் தன்னம்பிக்கை தானாக வருமாம். நான் ஐந்து வேளையும் தொழுகிறவன்தான். இதுவரை திக்குவாயன் என்ற ஒரு பட்டம் மட்டும் இருந்தது. இப்போது பலவீனமான ஈமான்காரன் என்று இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. உண்மையில் தொழுகை ஒருவனுக்குத் தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தைத் தருமா?

கிதாபுக்காரர்:
வஅலைக்குமுஸ்ஸலாம். கேள்வியின் தொடக்கமே சரியில்லை. "என்னை நினைவுகூர்வதற்காகத் தொழுகையை நிலைநிறுத்துவீராக" என்கிறது குர்ஆன் (20:14). அல்லாஹ்வை நினைக்கத்தான் தொழுகை, நம்மை நாமே மெச்சிக்கொள்ள அல்ல. "உங்களை நீங்களே பரிசுத்தவான்களாகக் கூறிக்கொள்ளாதீர்கள்" (53:32) என்ற வசனமும் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யா என்ற நூலில் தற்பெருமையை அழிவில் தள்ளும் குணங்களின் வரிசையில் வைத்துத் தனிப் பாகமே எழுதியிருக்கிறார். காலையில் கண்ணாடி முன் நின்று "நான் அருமையானவன்" என்று பத்து முறை சொல்லும் கலாச்சாரத்தைத் தொழுகைக்குள் கொண்டுவராதீர்கள்.

எதிர்க்கேள்வி:
அவர் தன்னை மெச்சிக்கொள்ள வழி கேட்கவில்லை ஐயா. தன் வீட்டார் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறேன் என்கிறார். தாகம் என்று வந்தவரிடம் வெள்ளத்தின் ஆபத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள்.

நானும் தொழுகையோடு வளர்ந்தவன்தான், இப்போது தொழுவதில்லை. விட்ட தொழுகைகளை எண்ணி எண்ணியே என் பதின்வயது கழிந்தது. படுக்கப் போகும்போது அன்று எத்தனை தொழுகை களா ஆனது (நேரம் தவறியது) என்ற கணக்குத்தான் என் "தன்மதிப்பு". ஒருவருடைய மதிப்பு வெளியிலிருந்து வருவதாக இருந்தால், அதைத் தருபவர் எந்த நேரமும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நம்பிக்கை ஆட்டம் காணும் நாளில் அந்த மனிதனிடம் என்ன மிஞ்சும்?

உம்மு ஹனா:
நான் பேச்சுப் பயிற்சியாளர். அதனால் முதலில் தொழில் சார்ந்த ஒன்று. தனியாக இருக்கும்போது சரளமாகப் பேசுவதும், யாராவது கவனித்தால் திக்குவதும் திக்குவாய் உள்ளவர்களிடம் மிகச் சாதாரணம். பலரோடு சேர்ந்து ஒரே குரலில் ஓதும்போதும் பெரும்பாலானவர்களுக்குத் திக்காது. பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. மரபுவழியும் மூளை பேச்சை இயக்கும் விதமும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஈமானை அளக்கும் கருவி இதில் எங்கும் கிடையாது. அந்தப் பயானில் சொன்னது தவறு, அவ்வளவுதான்.

இரண்டாவது, கிதாபுக்காரருக்கு. தன்னை மெச்சுவதற்குத் தடை இருப்பதைச் சொன்னீர்கள். தன்னை இழிவாகப் பேசுவதற்கும் தடை இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? "என் உள்ளம் அசுத்தமாகிவிட்டது என்று உங்களில் எவரும் சொல்ல வேண்டாம்" என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அதற்குப் பதிலாக மென்மையான வேறொரு சொல்லையும் நபி (ஸல்) கற்றுத்தருகிறார்கள். மனம் சரியில்லாததை மறைக்கச் சொல்லவில்லை. தன்னைப் பற்றிப் பேசும்போதும் நாக்குக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்கிறார்கள்.

கிதாபுக்காரர்:
அந்த ஹதீஸ் சரியானது. நான் விட்டது பிழைதான். நாணல், உங்கள் மனம் புண்பட எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எதிர்க்கேள்வியின் வாதத்தை ஏற்க மாட்டேன். "ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம்" (17:70) என்பது வசனம். தொழுகிற மக்களை என்று சொல்லவில்லை, நல்லவர்களை என்றும் சொல்லவில்லை. பிறப்பிலேயே கொடுத்துவிட்ட கண்ணியம் அது. ஒரு வேளை தொழுகை தவறினால் பாவம் சேரும், தவ்பா செய்ய (மன்னிப்புக் கேட்டுத் திருந்த) வேண்டும். மனிதன் என்ற தகுதி போய்விடாது. உங்களுக்குச் சிறுவயதில் யாரோ கணக்கை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

எதிர்க்கேள்வி:
அது உண்மைதான், யாரும் சொல்லவில்லை. ஆனால் மதிப்பு பிறப்பிலேயே கிடைத்துவிட்டது என்றால், அதைப் பெறத் தொழுகை தேவையில்லை என்று ஆகிறதே. நான் சொன்னதும் அதுதான்.

கிதாபுக்காரர்:
நான் முதல் பதிவிலேயே சொன்னது அதுதான். தொழுகை அதற்காக அல்ல.

உம்மு ஹனா:
ஆக, நீங்கள் இருவரும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே அறைக்குள் வந்துவிட்டீர்கள். எனக்கு அந்த அறையில் உடன்பாடில்லை. தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் நபிக்கு ஸலாம் சொன்னதும் அடுத்து என்ன ஓதுகிறோம்? "அஸ்ஸலாமு அலைனா". எங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும். மற்ற நல்லடியார்களுக்கு முன்பாகவே ஓதுகிறவர் தனக்கு ஸலாம் சொல்லிக்கொள்கிறார். நாள் முழுவதும் தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒருவர், ஐந்து தொழுகையிலும் தனக்கே நலம் வேண்டுகிறார். பொருள் தெரிந்து ஓதினால் இது ஒரு பயிற்சி. திக்குவாயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு எங்களைப் போன்றவர்களிடம் வர வேண்டும்.

நாணல்:
இருபது வருடமாக ஓதுகிறேன், அந்த "எங்கள்" என்பதில் நானும் இருக்கிறேன் என்று தோன்றியதே இல்லை.

மூஸா நபியின் துஆவைப் பற்றியும் கேட்க வேண்டும். "என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுவாயாக" (20:27) என்பதைச் சிறுவயதில் என்னை மனப்பாடம் செய்யவைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஓதினேன். முடிச்சு அவிழவில்லை.

எதிர்க்கேள்வி:
இதைத்தான் நான் கொடுமை என்கிறேன். நபிக்கு அவிழ்ந்தது, உனக்கு அவிழவில்லை என்றால் குறை உன்னிடம் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொள்ளாதா?

கிதாபுக்காரர்:
மூஸா (அலை) அவர்களுக்கு முழுவதும் அவிழ்ந்தது என்று யார் சொன்னது? பின்னாளில் எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் தன் மக்களிடம், "தெளிவாகப் பேசக்கூட முடியாத இந்த இழிந்தவரைவிட நான் மேலானவன் இல்லையா" (43:52) என்று ஏளனம் செய்கிறான். இதை வைத்து, மக்களுக்குப் புரியும் அளவுக்குத்தான் முடிச்சு அவிழ்ந்தது, கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று விளக்கிய விரிவுரையாளர்கள் உண்டு. தவிர, மூஸா (அலை) வாயை மட்டும் கேட்கவில்லை. "என் சகோதரர் ஹாரூன் என்னைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர்" (28:34) என்று சொல்லித் துணைக்கு ஆளும் கேட்டார்கள், கிடைத்தது. தன்னைவிட இன்னொருவர் நன்றாகப் பேசுவார் என்று சொல்ல அவர்கள் கூச்சப்படவில்லை. மனப்பாடம் செய்யவைத்தவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி:
இது எனக்குப் புதிது. நன்றாகவும் இருக்கிறது. சரி, இவர் குடும்பத்துக்கு இமாமாக நிற்கலாமா என்று உங்கள் கிதாபு என்ன சொல்கிறது? நேராகச் சொல்லுங்கள்.

கிதாபுக்காரர்:
நேராகவே சொல்கிறேன். ஓதும்போது எழுத்துகள் இரட்டிக்கிறவர் இமாமாக நிற்பது மக்ரூஹ், அதாவது விரும்பத்தக்கதல்ல, என்று ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) நூல்கள் சொல்கின்றன. ஆனால் தொழுகை செல்லும். பின்னால் நிற்பவர்களின் தொழுகையும் செல்லும். இது ஓதலில் கூடும் எழுத்தைப் பற்றிய சட்டம், ஆளைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

எதிர்க்கேள்வி:
கேட்கிறவன் அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. "விரும்பத்தக்கதல்ல" என்ற சொல் நேராக நெஞ்சில்தான் போய் உட்காரும்.

உம்மு ஹனா:
இதில் எதிர்க்கேள்வியின் பக்கம் நிற்கிறேன். சட்டம் சொல்கிறவர் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். முஸ்லிமில் வரும் அரபுச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல்லே திக்கும்.

நாணல், உங்களிடம் ஒன்று. வீட்டில் யாராவது உங்களைக் கேலி செய்ததுண்டா?

நாணல்:
இல்லை. ஒருமுறைகூட இல்லை. அவர்களுக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுத்ததில்லை.

நாணல் (இரண்டு நாள் கழித்து):
நேற்று இரவு இஷா தொழுகைக்கு மனைவியையும் மகனையும் நிறுத்தித் தொழவைத்தேன். முதல் ரக்அத்திலேயே ஃபாத்திஹாவில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது. தொழுது முடித்ததும் மகன் "ஏன் வாப்பா நடுவில் நின்றுவிட்டீர்கள்" என்றான். சொல் வரவில்லை என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். தன்னம்பிக்கை வந்ததா என்று கேட்காதீர்கள், சட்டை முழுவதும் வியர்வை. அடுத்த வாரம் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

எதிர்க்கேள்வி:
உங்கள் மகனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கிதாபுக்காரர்:
அல்ஹம்துலில்லாஹ். எந்த இடத்தில் நின்றது? "இய்யாக்க"வில் என்றால், அந்த ஷத்தை (எழுத்தை இரட்டித்து அழுத்தும் குறியை) விடாமல் ஓதினீர்களா? விட்டால் பொருள் மாறிவிடும்.

நாணல்:
விடவில்லை ஹஜ்ரத். அந்த ஷத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.