ஒற்றைத் தலைவலி: செலவு கட்டுப்படியாகிற மாதிரி எங்கே பார்க்கலாம்?

கேள்வி (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே துணியையே பார்க்கிற வேலை. வலது பொட்டில் தெறிக்க ஆரம்பித்தால் குமட்டும், வெளிச்சமும் ஓவர்லாக் மிஷின் சத்தமும் ஆகாது. மறுநாள் வரை விடாது. ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள். இப்போது வாரத்தில் பாதி நாள் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் ஷிப்ட் ஓடுகிறது. லீவு போட்டால் கூலி இல்லை. என்ன செய்யலாம்?

பதில் (பெருந்துறை):
அம்மணி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியாது. நாம் சொல்கிற அறிகுறியை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிப்பார். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் அந்த ‘வாரத்தில் பாதி நாள்’ மேல்தான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ, மாதக்கணக்கில் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலி வராமல் தடுக்க வேறு மாத்திரைகள் உண்டு: புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின். பழைய மருந்துகள், விலையும் மலிவு. வலி இல்லாத நாளிலும் போட வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். நான் ராத்திரியில் அமிட்ரிப்டிலின் போடுகிறேன். ஆரம்பத்தில் வாய் வறண்டது, காலையில் எழவே முடியவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்க, அங்கே கொடுக்கிற மாத்திரைக்குக் காசு இல்லை. வலி வந்த நாள், தூக்கம், மாதவிலக்கு, போட்ட மாத்திரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்க.

பதில் (கோபி, மருந்துக்கடை):
வெளியே வாங்க நேர்ந்தால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை குறைவு. மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்க. வீசிங் இருந்தால் புரொப்ரனலால் கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மைக்ரேன் வராமல் தடுக்கக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும். திடீரென்று தாங்கவே முடியாத தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. எனக்குப் பனிக்காலத்தில் வீசிங் வரும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசரிடம் காலையில் பர்மிஷன் கேட்டிருக்கிறேன்.