தரம் 7 சித்திர வகுப்புக்கு என்ன செய்விக்கலாம்?

வணக்கம். யாழ்ப்பாணத்தில தரம் 7 பிள்ளையளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறன். எதைக் கீறச் சொன்னாலும் ரெண்டு மலை, நடுவில சூரியன், ஒரு வீடு. எங்கட பக்கம் மலையே இல்லை. கனபேரிட்டக் கலர்ப்பெட்டியும் இல்லை. என்ன செய்விக்கலாம்?

பதில் 1
செம்மண்ணில தொடங்குங்கோ தங்கச்சி. உரும்பிராய், கோண்டாவில் தோட்டமண் நல்ல சிவப்பு. காயவிட்டு இடிச்சு, பழைய வேட்டித்துணியில அரிச்செடுங்கோ. வேப்பம்பிசினை இரவே தண்ணியில ஊறவிட்டு, காலமை வடிச்சு மண்ணோட குழைக்கவேணும். பிசின் குறைஞ்சால் காய்ஞ்ச பிறகும் மண் கையில ஒட்டும், கூடினால் வெடிக்கும். கறுப்புக்கு அடுப்புக்கரி. மஞ்சள்தண்ணியில துளி சுண்ணாம்பு விட்டால் கண்ணுக்கு முன்னால சிவக்கும், பிள்ளையள் துள்ளுவினம். சுண்ணாம்பை நீங்களே கையாளுங்கோ, கண்ணில பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில வெளிறும், அந்தப் படங்களை யன்னலோரம் மாட்டவேண்டாம். தூரிகைக்குத் தாழை விழுதின்ர நுனியைத் தட்டி நாராக்குங்கோ.

பிறகு வளவில நிக்கிற ஒரு பனைக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கோ. முழுமரம் வேண்டாம், ஒரு முழ உயரத் தண்டு மட்டும். மட்டை விழுந்த தழும்பு வளையத்தை உத்துப் பாத்த பிள்ளை மனப்பாட மலையைக் கீறாது.

பதில் 2
வெள்ளைத்தாளில மெழுகுதிரியால கோலம் போட்டு, மேல தண்ணிக்கலர் பூசுவியுங்கோ. மெழுகு பட்ட இடம் வெள்ளையாவே நிக்கும். பத்திக் துணியும் இந்த முறைதான். ஒரு பாடவேளைக்குள்ள முடிக்கலாம்.

கேட்டவர்
நன்றி அக்கா. மண்கலருக்கு சித்திரக்கொப்பித் தாள் தாங்குமோ?

பதில் 1
மெல்லிசாப் பூசினால் தாங்கும். தடிப்பெண்டால் பழைய காட்போட் பெட்டியை வெட்டிக் குடுங்கோ.