நம்ம வீடு (மும்பை சயான் – நெல்லை): முன் ரூம் ஜன்னல்

[சனி, காலை 7:12]

தங்கராஜ் பெரியப்பா: 🌺 காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் 🌺

மீனா: எல்லாருக்கும் ஒரு விஷயம். கவிதாவுக்கு டாக்டரம்மா 26ந் தேதி சொல்லியிருக்காவ. இன்னும் 3 வாரந்தான். பிள்ளையோட முன் ரூம்லதான் இருக்கணும். ராத்திரி லாரி சத்தம் தாங்க முடியல. ஜன்னலைச் சாத்தினா மூச்சு முட்டுது. ஜன்னல்காரன் டபுள் கிளாஸுக்கு 62,000 கேக்கான். போட்ருலாமா?

ரவி: பின் ரூம்ல படுக்கட்டும்

மீனா: அங்கன ஆச்சி

ரவி: ஆச்சிய முன் ரூமுக்கு மாத்துங்க

மீனா: நீயே கேளு

ரவி: வேண்டாம் சாமி

செல்வம் மாமா: மீனா, அட்வான்ஸ் கொடுத்துராத. முதல்ல இதப் படி. சத்தம் வாரதும் காத்து வாரதும் ஒரே வழி. கண்ணாடியை இறுக்கி அடைச்சா சத்தம் நிக்கும், காத்தும் நிக்கும். ஸ்ப்ளிட் ஏசி இருக்குன்னு சொல்லுவ. அது வெளிக்காத்து ஒரு சொட்டும் எடுக்காது, உள்ள இருக்கதையே சுத்தவிடும். கணக்கு பாரு. ரூம் 10க்கு 12, உயரம் ஒன்பதரை அடி, அதாவது 32 கன மீட்டர். தூங்குத ஒரு ஆள் மணிக்கு சுமார் 13 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடுவாங்க. ரெண்டு பேர்னா 26. இடுக்கே இல்லாம அடைச்சா மணிக்கு 800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல எத்தன பங்குன்னு கணக்கு) ஏறும். வெளிய 420தான். காலைல தலை கனக்குன்னு நீ சொல்லுவியே, அது இதாத்தான் இருக்கும்.

ரவி: மாமா காலைலேயே கிளாஸ் ஆரம்பிச்சாச்சு

கவிதா: ரவி சும்மா இரு. மாமா சொல்லுங்க

செல்வம் மாமா: 1000 பிபிஎம் கிட்ட நிறுத்தணும்னா மணிக்கு 45 கன மீட்டர் வெளிக்காத்து வேணும். சிஎஃப்எம் கணக்குல, அதாவது நிமிஷத்துக்கு எத்தன கன அடின்னு பாத்தா, 26. பெரிய காத்து இல்ல. 4 இஞ்ச் பைப்ல விட்டாக்கூட வேகம் செகண்டுக்கு ஒன்றரை மீட்டர்தான், இரைச்சல் இருக்காது. 1000ங்கறது சட்டம் இல்ல, காத்து மாறுதான்னு பாக்க ஒரு அடையாளம்.

தங்கராஜ் பெரியப்பா: (ஃபார்வர்டு செய்யப்பட்டது) முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் 90 சதவீதம் குறையும்!! அனைவருக்கும் பகிரவும்

பிரியா: அப்பா 🤦🏽‍♀️ முட்டை அட்டை ரூமுக்குள்ள எதிரொலிய கொஞ்சம் குறைக்கும். லாரிக்கு அது தெரியவே தெரியாது. சத்தத்தை நிறுத்த கனம் வேணும், இடுக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தங்கராஜ் பெரியப்பா: போலீஸ்ல ஒரு மனு கொடுத்தா என்ன

பிரியா: 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு ஏரியாவுல ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் இருக்கணும். போன வாரம் சித்தப்பா பால்கனில போன் ஆப்ல பாத்தேன், 74. மனு யார் மேல கொடுக்க, ரோட்டு மேலயா?

பிரியா: ஜன்னலைச் சாத்தி உள்ள பாத்தா 53. போன் ஆப் காட்டுத நம்பர் அப்படியே சரியா இருக்காது, ஆனா ஒரே போன்ல ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்த நம்பலாம். 21 டெசிபல்தான் குறையுது. 100 சதுர அடி சுவர்ல 1 சதுர அடி ஓட்டை இருந்தா, மிச்சம் கோட்டைச் சுவரா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல குறையாது. சித்தப்பா வீட்டு ஸ்லைடிங் ஜன்னல்ல இடுக்கை அடைக்குத உல் பிரஷ் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. டிராக்ல தண்ணி போற ஓட்டை வேற.

முருகன்: ம்

மீனா: "ம்" மட்டும் போடாதீங்க. நீங்கதான முடிவு சொல்லணும்

[காலை 9:40]

பிரியா: சித்தி, அந்த 62,000க்கு என்ன கண்ணாடின்னு சொன்னாரா?

மீனா: 5 மிமீ, நடுவுல 12 மிமீ காத்து, திரும்ப 5 மிமீ

பிரியா: அது வெயிலுக்கு நல்லது, லாரிக்கு இல்ல. ரெண்டு கண்ணாடியும் ஒரே கனம், இடைவெளி 12 மிமீன்னா 220 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டும் சேந்து அதிரும். அங்கன ஒத்தைக் கண்ணாடிய விட மோசம். பஸ், லாரி உறுமல் அந்தப் பக்கந்தான். பழைய ஸ்லைடிங்கை எடுக்கவே வேண்டாம். சுவர் 9 இஞ்ச் இருக்குல்லா, உள்பக்கம் 4 இஞ்ச் தள்ளி இன்னொரு ஜன்னல், ஸ்லைடிங் இல்ல, கதவு மாதிரி திறக்கது. சுத்தி ஈபிடிஎம் ரப்பர் (வெயில் மழை தாங்குதது), ரெண்டு மூணு இடத்துல பூட்டு இழுத்துப் பிடிக்கணும். கண்ணாடி 6.38 மிமீ லேமினேட்டட், நடுவுல பிளாஸ்டிக் தாள் வச்சு ரெண்டு கண்ணாடிய ஒட்டினது. இப்படிப் போட்டா அந்த அதிர்வு 75 ஹெர்ட்ஸுக்கு இறங்கிரும். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல வெறும் ஃபோம் அடிச்சு விட்டுருவாங்க, ரெண்டு பக்கமும் சிலிக்கான் இழுக்கச் சொல்லுங்க. கிரில் சாவிய ஜன்னல் பக்கத்துலயே மாட்டி வைங்க, தீ கீன்னா வெளிய வரணும்.

ரவி: அக்கா செலவு?

பிரியா: 62,000 ஆகாது. அளவு எடுத்துட்டு சொல்லுதேன்

செல்வம் மாமா: பிரியா சொல்லுதது சரி. ஆனா இப்படி அடைச்சா அது ரூம் இல்ல, டப்பா. காத்துக்கு வழி எங்க?

பிரியா: அது உங்க டிபார்ட்மென்ட் மாமா 😄

செல்வம் மாமா: பழைய விண்டோ ஏசி ஓட்டை இருக்கே!! 26க்கு 17 இஞ்ச், மாப்ளே 6 மிமீ பிளை அடிச்சு பெயின்ட் பூசி வச்சிருக்காரே. புதுசா சுவரத் துளைக்குத கோர் கட்டிங் வேண்டாம், சொசைட்டில என்ஓசி (ஆட்சேபணை இல்லங்கற கடிதம்) கேக்க வேண்டாம்.

பிரியா: கரெக்ட். அதை விட்டுட்டு ஜன்னலை மட்டும் மாத்தினா, அப்புறம் அந்த பிளைதான் வீட்டு ஜன்னல். விரலால தட்டிப் பாருங்க, தவில் மாதிரி அடிக்கும்.

தங்கராஜ் பெரியப்பா: தவில்னதும் ஞாபகம் வருது. 16ந் தேதி நம்ம கோயில் கொடை. வரி இன்னும் மூணு பேர் தரல. பேர் சொல்ல விரும்பல

முருகன்: நேத்தே ஜிபே பண்ணியாச்சுண்ணே

தங்கராஜ் பெரியப்பா: உன்னச் சொல்லல

ரவி: 👀

[பகல் 1:05]

செல்வம் மாமா: யோசிச்சு எழுதுதேன், பொறுமையா வாசிங்க. அந்த ஓட்டைக்குள்ள 18 மிமீ மரைன் பிளைல ஒரு பெட்டி. ஆழம் 18 இஞ்ச், 9 சுவருக்குள்ள, 9 ரூமுக்குள்ள நீட்டும். உள்ள ரெண்டு குறுக்குத் தடுப்பு. முதல் தடுப்பு மேல மட்டும் திறந்திருக்கும், ரெண்டாவது கீழ மட்டும். காத்து வெளிய கீழ நுழையும், ஏறும், இறங்கும், திரும்ப ஏறி ரூம் சீலிங்கைப் பாத்து வெளிய வரும். ரோட்டுல இருந்து ரூமுக்கு நேர் பார்வை எங்கயும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு சந்தும் 80 மிமீ. பாத்ரூம் எக்ஸாஸ்டை ராத்திரி பூரா மெதுவா ஓட விட்டா, அது இழுக்குத இழுப்புல இந்தப் பெட்டி வழியா காத்து தானா வரும். ஃபேன் செலவு கூட இல்ல.

பிரியா: உள் லைனிங் என்ன மாமா?

செல்வம் மாமா: 25 மிமீ கிளாஸ் வூல்

பிரியா: பச்சப் பிள்ள ரூம்ல கிளாஸ் வூல் வேண்டாம், நூல் பறக்கும். பியூ ஃபோமும் (மெத்தை ஃபோம் மாதிரி) வேண்டாம், மும்பை ஈரத்துல சீக்கிரம் பொடிஞ்சிரும், தீயும் பிடிக்கும். 25 மிமீ பாலியஸ்டர் பேனல் போடுங்க. வெளிச் சந்துல கீழ அரையடிக்கு லைனிங்கே வேண்டாம், மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்சா அதத்தான் பிள்ளை சுவாசிக்கும். அடிப்பலகை வெளிப்பக்கம் 5 மிமீ சாய்வு.

பிரியா: இன்னொண்ணு. 25 மிமீ லைனிங் ஹாரனையும் பிரேக் கிறீச்சையும் தின்னும். லாரி உறுமலைத் தின்னாது. அதுக்கு ரூமுக்குள்ள நீட்டுத பாகத்துக்கு மேல 8 மிமீ சிமெண்ட் ஷீட் ஒட்டுங்க, கனத்துக்கு.

மீனா: இவ்வளவும் நம்ம கார்பென்டர் செய்வானா

ரவி: பூஜை அலமாரிய செஞ்சவனா? அது இன்னும் சாத்தல

மீனா: ஒரு சந்தேகம் அண்ணே. பாத்ரூம் ஃபேன் ராத்திரி பூரா ஓடினா கீசருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?

செல்வம் மாமா: கரண்ட் கீசர்தான? ஒண்ணும் ஆகாது

மீனா: இல்லண்ணே, கேஸ். போன வருஷம் மாத்தினாவ

செல்வம் மாமா: எது???

செல்வம் மாமா: முன் ரூம் பாத்ரூம்லயா? உள்ளயா?

மீனா: ஆமா

செல்வம் மாமா: நான் மேல எழுதுன எக்ஸாஸ்ட் விஷயத்த எல்லாரும் மறந்துருங்க. அந்த ஃபேனைப் போட்டா வெளிய போக வேண்டிய புகை உள்ள திரும்பும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மயக்கம் வாரப்பதான் தெரியும், அப்ப எழுந்திரிக்க முடியாது. ஜன்னலை எல்லாம் அடைக்கப் போறோம்னு பேசிக்கிட்டு இருக்கோம், இதை யாரும் சொல்லலியே!

முருகன்: ஒரு வருஷமா நல்லாத்தான் ஓடுது மச்சான். நீலச் சுடர்தான் எரியுது

செல்வம் மாமா: மாப்ளே, இவ்வளவு நாள் அந்த ஓட்டை ஜன்னல்தான் உங்களக் காப்பாத்திச்சு. சுடர் நீலமா இருந்தா மட்டும் போதாது. அந்த பாத்ரூம்லதான பிள்ளையக் குளிப்பாட்டப் போறீங்க?

முருகன்: கரண்ட் பில் பாத்தீங்களா

மீனா: பில்லப் பத்தி இப்ப பேசாதீங்க

கவிதா: அப்பா ப்ளீஸ். கழட்டிருங்க

முருகன்: பாப்போம்

தங்கராஜ் பெரியப்பா: தம்பி, செல்வம் சொல்லுததக் கேளு. அப்பா இருந்தா இப்படி விடுவாரா

முருகன்: அண்ணே நீங்க இதுல வராதீங்க

ரவி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா: ரவி என்ன போட்ட?

ரவி: ஒண்ணுமில்ல

[மாலை 6:30]

செல்வம் மாமா: சரி. கீசரை ட்ரை பால்கனிக்கு (துணி துவைக்குத பால்கனி), புகைக்குழாயோட வெளிய மாத்தணும், இல்லாட்டி கரண்ட் கீசர். இது முடியாம நான் பெட்டியில கை வைக்க மாட்டேன். அது முடிஞ்சா, இழுக்கதுக்குப் பதிலா தள்ளுவோம். 120 மிமீ 12 வோல்ட் ஃபேன் ரெண்டு, கம்ப்யூட்டருக்கு வருமே அது. முதல் தடுப்பின் மேல் வாயில் பக்கத்துல பக்கத்துல உக்காரும், மிச்ச இடுக்கை பிளை வச்சு அடைக்கணும். ஸ்குரூ வேண்டாம், ரப்பர் பின். 9 வோல்ட்ல ஓட்டுங்க. பெரிய ஃபேனை மெதுவா ஓட்டினா சத்தம் வராது, சின்னத வேகமா ஓட்டினா கொசு மாதிரி பாடும்.

பிரியா: நல்ல இடம் மாமா. மழையும் படாது, ஃபேன் சத்தமும் ரெண்டு சந்து தாண்டித்தான் ரூமுக்கு வரும்.

செல்வம் மாமா: ரூம் பக்க வாயில கார் ஏசி ஃபில்டர். உள்ள இருந்தே கழட்டணும், ஏணி போட்டு வெளிய தொங்கக் கூடாது. தள்ளுன காத்து வெளிய போக ரூம் கதவுக்கு அடியில 20 மிமீ இடைவெளி.

பிரியா: அப்போ ஹால்ல ஆச்சி சீரியல் உள்ள வரும்

ரவி: பிள்ளை பிறந்ததுமே கதை கேக்கட்டும்

செல்வம் மாமா: கதவா, காத்தா? ஒண்ணு சொல்லு

பிரியா: 12 மிமீ?

செல்வம் மாமா: 15

பிரியா: சரி 15, வெட்டினத ஒட்ட முடியாது, முதல்ல 15ல பாப்போம்

செல்வம் மாமா: கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் ஒண்ணு வாங்குங்க, என்டிஐஆர்னு (அகச்சிவப்பு ஒளியால அளக்கது) போட்டதா. மலிவானது சென்ட் அடிச்சாக்கூட 2000 காட்டும். ஜன்னல்ல வச்சா 420, 450ன்னு காட்டணும், அப்பதான் நம்பலாம். ராத்திரி 1000ஐத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தா முதல்ல ஃபில்டரைப் பாருங்க. நம்ம ஏரியா தூசிக்கு ரெண்டு மாசத்துல கருத்துரும்.

கவிதா: கடைசில எத்தன டெசிபல் வரும் அக்கா?

பிரியா: ஜன்னல், பெட்டி ரெண்டும் சரியா வந்தா 42 பக்கம். உலக சுகாதார நிறுவனம் படுக்கையறைக்கு 30 சொல்லுது. அந்த ரோட்டுல அதுக்கு ஆசைப்படாத. சீலிங் ஃபேன் 3ல ஓடினாலே கிட்டத்தட்ட அந்த 42 இரைச்சல் இருக்கும், அதுக்குக் கீழ செலவு பண்ணுதது வீண்.

[ஞாயிறு, காலை 8:15]

தங்கராஜ் பெரியப்பா: 🌺 ஞாயிறு வாழ்த்துகள் 🌺

முருகன்: அளந்துட்டேன். 26¼க்கு 17. பிளைய கழட்டிப் பாத்தேன். (படம்)

ரவி: அய்யோ

பிரியா: புறாக் கூடா அது??

முருகன்: வெளிப்பக்க கம்பிக்கும் பிளைக்கும் நடுவுல. ரெண்டு முட்டை

செல்வம் மாமா: அது இருக்கும்போது அந்த வழியா ஒரு சொட்டுக் காத்தும் எடுக்கக் கூடாது. எச்சம் காஞ்சு தூளாப் பறந்தா நுரையீரலுக்குக் கெடுதல். தாதர்ல புறாவுக்குத் தீனி போடுத கபூதர்கானாவை அவ்வளவு சண்டைக்கு நடுவுல மூடினாங்களே. சும்மா பெருக்காதீங்க. மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, பிளீச் கலந்து துடைக்கணும். அப்புறம் 12 மிமீ வலை.

மீனா: ஆச்சி கிட்ட சொன்னேன். குஞ்சு பறக்கிற வரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாதாம். பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுல முட்டையக் கலைக்கப்பிடாதாம்.

பிரியா: முட்டை பொரிய 18 நாள். குஞ்சு பறக்க அதுக்கு மேல நாலு அஞ்சு வாரம்

ரவி: அப்போ கவிதாவுக்கும் புறாவுக்கும் ஒரே டெலிவரி டேட்

கவிதா: 😂😂

செல்வம் மாமா: சரி, ஜன்னலை முதல்ல முடிப்போம். பெட்டியை வெளிய செஞ்சு வச்சிக்கலாம். அதுவரைக்கும் அந்த பிளையைச் சுத்தி சிலிக்கான் இழுத்து அடைச்சிருங்க. காத்துக்கு பின்பக்க ஜன்னலும் ஹால் கதவும். மாப்ளே, கீசர்?

முருகன்: பிளம்பர் செவ்வாய் வாரேன்னுருக்கான்

மீனா: எந்த செவ்வாய்னு கேளுங்கண்ணே