புதுப்பிப்பு: ஆய்வகக் கருவி முன்பதிவு மென்பொருளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது

ஆய்வகக் கருவிகளை முன்பதிவு செய்ய எங்கள் துறை ஒரு மென்பொருள் கேட்டதையும், பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பக் குழு அதைத் திருப்பி அனுப்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டாவது முறை ஒப்புதல் கிடைத்துவிட்டது.

முதல் விண்ணப்பத்தில் மென்பொருளின் வசதிகளையே பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். இந்த முறை முதல் பக்கத்தில் நுண்ணோக்கி அறைக் கதவில் தொங்கும் முன்பதிவு நோட்டின் படம். ஒரே மணி நேரத்துக்கு மூன்று பெயர்கள், அதில் இரண்டு அடிக்கப்பட்டிருக்கும், யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர்களை மட்டும் மறைத்து அப்படியே வைத்தோம். அப்புறம் 'இது ஏன் வேண்டும்' என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

செலவில்தான் போன முறை சறுக்கினோம். முதல் ஆண்டு உரிமத் தொகையை மட்டும் போட்டிருந்தோம். இப்போது பழைய பதிவுகளை மாற்றும் வேலை, பயிற்சி, பராமரிப்பு, பணியாளர் நேரம் எல்லாம் சேர்த்து 5 ஆண்டுக் கணக்கு. ஒப்பந்தம் முடிந்தால் தரவு எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கினோம்.

அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு, 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய வழிகாட்டுதல்கள்தான் அளவுகோல். பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு உட்கார்ந்து பார்த்தார். நாட்காட்டியில் தேதியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. அதைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும் என்பது குழுவின் நிபந்தனை. எனக்கு அதில் முழு உடன்பாடு, நாங்களே முதலில் பார்த்திருக்க வேண்டியது.

அடுத்த பருவத்தில் இரண்டு கருவிகளோடு வெள்ளோட்டம்.