லூபெக் நகரில் எது பழையது? பார்த்தவர்களின் பகிர்வுகள்

முதல் பகிர்வு: ஒரு நாள் பயணமாகச் சென்று வந்தவர்

வட ஜெர்மனியில், ஹம்பர்க்கிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் லூபெக் வந்துவிடும். சென்ற நவம்பரில் ஒரே ஒரு நாள் அங்கே தங்கினேன். நிலையத்தை விட்டு வெளியே வந்து பழைய நகரை நோக்கி நடந்தால் முதலில் எதிர்ப்படுவது ஹோல்ஸ்டன் வாயில். கூம்பு வடிவக் கூரையோடு பருத்து நிற்கும் இரண்டு வட்டக் கோபுரங்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள நுழைவழியையும் கண்டபோது, இரவெல்லாம் தூங்காமல் வந்ததால் எனக்குத்தான் கண் சுழல்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். கோபுரங்கள் உண்மையிலேயே சாய்ந்திருக்கின்றன என்பதை அருகில் போன பிறகே உறுதிசெய்துகொண்டேன்.

ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டெடே என்ற நகரக் கட்டடக் கலைஞர் 1464 முதல் 1478 வரை இதைக் கட்டியிருக்கிறார். ஆற்றங்கரையின் சதுப்பு மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பகைவரைச் சுடுவதற்காக விட்ட கீழ்வரிசைத் துளைகள் இன்று தரைமட்டத்துக்கும் கீழே போய்விட்டன. வெளிப்புறச் சுவரின் கனம் மூன்றரை மீட்டர். நகரத்தைப் பார்த்த சுவரின் கனமோ ஒரு மீட்டர்கூட இல்லை. இத்தனை ஏற்பாடு செய்திருந்தும் இதன் பீரங்கிகள் ஒரு போரிலும் முழங்கியதில்லை என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

நான் சொல்ல வந்தது அந்த முகப்பில் உள்ள எழுத்தைப் பற்றி. நகரத்தைப் பார்த்த பக்கத்தில் பொன்னெழுத்தில் 1477, 1871 என்ற இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டி முடித்தது 1478 இல் என்றால் 1477 எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாயிலைப் புதுப்பித்தவர்கள் அப்போது சரியென்று நம்பிய ஆண்டை எழுதிவைத்துவிட்டார்கள். அந்தப் புதுப்பித்தலும் எளிதில் நடந்துவிடவில்லை. இடிந்துகொண்டிருந்த வாயிலைத் தகர்த்துவிடலாம் என்று ஒரு பெருங்கூட்டம் வாதாட, 1863 இல் நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது தப்பியிருக்கிறது. பிற்காலத்தில் ஜெர்மனியின் 50 மார்க் நோட்டில் அச்சாகி எல்லோருடைய சட்டைப்பையிலும் இருந்த கட்டடம் இதுதான். ஆகவே "பழைய நகரம்" என்று நாம் பார்ப்பதில் பழையவர்கள் கட்டியது எவ்வளவு, பின்வந்தவர்கள் திருத்தியது எவ்வளவு என்ற கேள்வியோடுதான் நான் திரும்பி வந்தேன். நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம் பகிர்வு: கட்டுமானப் பொறியாளர், மூன்று முறை சென்றவர்

உங்கள் கேள்விக்கு மரியாள் ஆலயத்தைவிடப் பொருத்தமான இடம் அந்த நகரில் இல்லை.

முதலில் செங்கல்லைப் பற்றிச் சில வார்த்தைகள். பால்டிக் கடற்கரையில் செதுக்குவதற்கேற்ற கல் மலைகள் கிடையாது, களிமண் உண்டு. பிரான்சில் கல்லால் எழுப்பிய உயர்ந்த ஆலயங்களைப் போல் கட்ட விரும்பிய லூபெக் வணிகர்கள், அந்த வடிவத்தைச் சூளையில் சுட்ட செங்கல்லுக்கு மாற்றினார்கள். கல்லில் செதுக்கக்கூடிய நுணுக்கம் செங்கல்லில் வராது. அதனால் அச்சில் வார்த்த செங்கற்களையும், கருமெருகு ஏற்றிய செங்கற்களையும் அடுக்கியே அழகு காட்டினார்கள். நகர மன்றக் கட்டடத்தின் உயர்ந்த முகப்புச் சுவரில் காற்று புகுந்து போவதற்காகப் பெரிய வட்டத் துளைகள் விட்டிருப்பதை அங்கே போனவர்கள் கவனித்திருப்பீர்கள். அலங்காரமும் பொறியியலும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

மரியாள் ஆலயம் ஏறத்தாழ 1250 முதல் 1350 வரை கட்டப்பட்டது. நடுமண்டபத்தின் வளைவுக் கூரை 38.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்கல்லால் எழுப்பிய வளைவுக் கூரைகளில் உலகிலேயே உயரமானது இதுதான் என்கிறார்கள். இரட்டைக் கோபுரங்கள் 125 மீட்டர் அளவுக்கு எழுகின்றன. இது ஆயரின் ஆலயம் அன்று, நகரத்து வணிகர்களின் ஆலயம். 1226 இல் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் சுதந்திர நகரம் என்ற உரிமையை வழங்கிய பிறகு ஹன்சா வணிகக் கூட்டணியின் தலைமை நகராக உயர்ந்த ஊர் இது. ஆயரின் பேராலயம் பழைய நகரம் அமைந்த தீவின் தென்கோடியில் ஒதுங்கியிருக்க, இவர்கள் சந்தைக்குப் பக்கத்தில், நகரின் மேட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்றை எழுப்பிவிட்டார்கள்.

1942 மார்ச் 28 ஆம் தேதி இரவு, குருத்து ஞாயிறு விடிவதற்கு முன், பிரிட்டிஷ் விமானங்கள் இந்த நகரின் மேல் குண்டு வீசின. பழைய நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. ஓவியர் பெர்ன்ட் நோட்கேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'சாவின் நடனம்' என்ற ஓவியத்தின் 1701 ஆம் ஆண்டுப் பிரதியும், இந்த ஆலயத்தின் இசைஞராக இருந்த புக்ஸ்டெஹுடே வாசித்த ஆர்கன் இசைக்கருவிகளும் மரியாள் ஆலயத்தோடு எரிந்துபோயின. 1705 இல், பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான பாக், இளைஞராக இருந்தபோது ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே வந்து கேட்டது புக்ஸ்டெஹுடேயின் இசையைத்தான். தெற்குக் கோபுரத்திலிருந்து விழுந்த மணிகள் விழுந்த இடத்திலேயே, நொறுங்கியும் தரையில் புதைந்தும் இன்றுவரை கிடக்கின்றன. இரும்புக் கம்பிக்கு அப்பால் அந்த வெண்கலத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் நின்றிருப்பேன். எனக்குத் தெரிந்தவரை அந்த ஊரில் யாரும் கைவைக்காத ஒரே பொருள் அதுதான்.

ஆனால் அதே ஆலயத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. தீயின் வெப்பத்தில் வெள்ளைப்பூச்சு உதிர்ந்து, அதனடியில் இருந்த இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைச் செப்பனிடும் வேலையை டீட்ரிக் ஃபை என்பவர் ஏற்றுக்கொண்டு, லோதார் மால்ஸ்காட் என்ற ஓவியரைப் பணிக்கு அமர்த்தினார். திருப்பீடப் பகுதியின் மேற்சுவரில் செப்பனிடும் அளவுக்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மால்ஸ்காட் தம் மனம்போன போக்கில் புனிதர்களை வரைந்துவைத்தார். 1951 இல் ஆலயத்தின் 700 ஆவது ஆண்டு விழாவுக்கு மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடெனாவர் வந்தார், அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள், அறிஞர்கள் வியந்தார்கள். மறு ஆண்டு மால்ஸ்காட் தாமே முன்வந்து "அவை நான் வரைந்தவை" என்று சொன்னபோது எவரும் எளிதில் நம்பவில்லை. இவர் முன்னர் ஷ்லெஸ்விக் பேராலயத்தில் வேலை செய்தபோது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னாளில் வந்த வான்கோழியை இடைக்கால ஓவியத்தில் சேர்த்துவிட்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. வழக்கு நடந்து இருவரும் சிறை சென்றார்கள். திருப்பீடப் பகுதி ஓவியங்களைக் கழுவி அழித்தார்கள். அதைப் பொறியாளனாக நான் ஏற்றுக்கொண்டாலும், ஒரு மூலையையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு சின்ன வருத்தம் உண்டு. நொறுங்கிய மணிகளை வைத்திருக்கும் ஆலயத்துக்கு அது பொருந்தாமல் போயிருக்காது.

மூன்றாம் பகிர்வு: ஐந்து ஆண்டுகளாக அங்கே வசிப்பவர்

சுற்றுலா வருபவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். நாங்கள் குனிந்தே பழகியவர்கள். என் வீடு ஒரு 'காங்' உள்ளே இருக்கிறது. தெருவோர வீட்டின் சுவரில் ஒரு தாழ்ந்த திறப்பு. அதில் தலை தட்டாமல் குனிந்து சில அடிகள் போனால், உள்ளே ஒரு நீண்ட சந்து, இருபுறமும் பொம்மை வீடுகள்போல் சிறு வீடுகள், வாசலில் ரோஜாக் கொடிகள். நகரம் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த தீவு என்பதால் மக்கள் பெருகியபோது வெளியே பரவ இடமில்லாமல், பெரிய மனைகளின் பின்கட்டுகளில் ஏழைகளுக்காக எழுந்த வீடுகள் இவை. சவப்பெட்டியைத் தூக்கிச் செல்லும் அளவுக்காவது வழி அகலமாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய விதி என்று இங்கே சொல்வார்கள். இத்தகைய சந்துகளும் முற்றங்களும் ஏறத்தாழ 90 மிஞ்சியிருக்கின்றன. 1639 இல் வணிகர்களின், மாலுமிகளின் விதவைகளுக்காக எழுந்த ஃப்யூக்டிங் முற்றம் இவற்றில் செல்வச் செழிப்பானது.

பழையது எது என்று கேட்டீர்கள். 1286 இல் முடிந்த தூய ஆவி மருத்துவமனைக்குள் போய்ப் பாருங்கள். நீண்ட கூடத்தில் கட்டிலும் மேசையும் மட்டும் கொள்ளும் மரத்தடுப்பு அறைகள் வரிசையாக நிற்கின்றன. 1820 வாக்கில் அமைத்த அந்த அறைகளில் 1970 வரை முதியவர்கள் வாழ்ந்தார்கள். கூடத்தின் ஓவியங்களைவிட அந்தக் கதவுகளில் இருக்கும் எண்களே என்னை அதிகம் நிறுத்திவைக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குண்டுவீச்சில் அழிந்த வணிகர் பகுதியில் போருக்குப் பின் பள்ளிக் கட்டடங்களைக் கட்டினார்கள். அவற்றை அண்மையில் இடித்துவிட்டு, பல ஆண்டுகள் அகழாய்வு செய்தபோது 12 ஆம் நூற்றாண்டின் மரநிலவறைகள் வெளிப்பட்டன. இப்போது அதே இடைக்கால மனை அளவுகளில், முக்கோண முகப்போடு புது வீடுகள் எழுந்துள்ளன. பழையதைப்போல் நடிக்காமல், பழைய அளவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் மதிக்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ அந்த முகப்புகள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தப் பள்ளியில்தான் தம் மகன் படித்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

முதலில் எழுதியவரின் பதில்

மரியாள் ஆலயத்தில் மணிகள் கிடக்கும் தெற்குக் கோபுரத்தின் வாசலைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன். மழை பெய்கிறது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். வரும் ஏப்ரலில் மறுபடியும் போகிறேன். இந்த முறை இரண்டு இரவு தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.