எஃபிஷியன்சி ஐலண்ட்: திறன்தீவா, திறன்திட்டா?

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, வணக்கம். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போவின் அளவு பற்றிய கையேட்டில், அமுக்கி வரைபடத்தில் (கிடையாகக் காற்றோட்டம், செங்குத்தாக அழுத்த விகிதம்) அமுக்கி நல்ல திறனோடு ஓடும் பகுதியான 'எஃபிஷியன்சி ஐலண்ட்' என்பதைத் 'திறன்தீவு' என்று எழுதியிருக்கிறேன். வரைபடத்தின் இடப்பக்க எல்லையான 'சர்ஜ்' எழுச்சி, வலப்பக்க எல்லையான 'சோக்' அடைப்பு. சரிதானா?

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, தீவு வேண்டாம், திட்டு என்று வையுங்கள். தீவு என்றதும் கரையோடு நிலம் முடிந்துவிடும். இந்த வரைபடத்தில் அப்படி எதுவும் வெட்டென முடிவதில்லை. நடுவே 75 விழுக்காடு, சுற்றிலும் 72, 70, 65 என்று வளையம் வளையமாக இறங்குகிறது. கோடையில் கண்மாய் வற்றும்போது நடுத்திட்டைச் சுற்றி நீர் நின்ற தடங்கள் தெரியுமே, அதே உருவம். நம் பக்கத்து வாசகருக்கு விளக்கமே வேண்டாம்.

ஒரு கணக்கையும் சேருங்கள். உறிஞ்சும் காற்று 40 டிகிரி, அழுத்த விகிதம் 2, அதாவது ஏறக்குறைய 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்). திறன் 75 என்றால் காற்று 130 டிகிரியில் வெளிவரும். 60 என்றால் 153. பூஸ்ட் மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சின்ன டர்போவை மாற்றாமல், ரீமேப்பில் (எஞ்சின் கணினியான ஈசியூவின் அமைப்பை மாற்றி) பூஸ்டை மட்டும் ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேல் ஆர்பிஎம்மில், எஞ்சின் ஓடும் நிலையைக் குறிக்கும் புள்ளி திட்டை விட்டு வலப்பக்கம் சரிந்துவிடும். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எடுத்துவிடும். டர்போவைச் சுழற்றும் சின்ன டர்பைனில் கழிவுவாயு நெருக்குவதால் எழும் பின்னழுத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எரிந்த வாயு சிலிண்டரிலேயே மிஞ்சும், நாக்கிங் (எரிகலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும், ஈசியூ பற்றவைப்பைத் தாமதப்படுத்தும், பவர் இறங்கும்.

சர்ஜுக்கு 'எழுச்சி' நேர்மாறான பொருள் தருகிறது. டர்போ பெரிதாகி, காற்றோட்டம் குறைவாக இருக்கையில் பூஸ்ட் ஏறினால், அமுக்கிய காற்று சக்கரத்தின் வழியே திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. டர்போ தண்டின் முன்பின் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அதில்தான் அடிவாங்கும். உண்டது தொண்டைக்குத் திரும்பினால் எதுக்களிப்பு என்கிறோம். இதுவும் எதுக்களிப்புதான்.

காரைக்குடியிலிருந்து:
திறன்திட்டு, எதுக்களிப்புக் கோடு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் அண்ணே. புள்ளி வைக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன்: பெட்ரோல் எஞ்சினில் 100 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 4.5 கிலோ காற்று. 200 வேண்டுமென்றால் 9 கிலோ. உச்ச ஆர்பிஎம்முக்கு மட்டும் பார்த்தால் போதாது. 2500, 4500, 6500 மூன்றுக்கும் தனித்தனியே குறித்து, வண்டி அதிகம் ஓடுகிற ஆர்பிஎம் திட்டின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

'அடைப்பு' மட்டும் இப்போது எனக்கே உறுத்துகிறது. குப்பை அடைத்ததாக எண்ணி ஏர் ஃபில்டரைக் கழற்றுவார்கள். 'திணறல்' என்று வைக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து:
பட்டறையில் 'வண்டி திணறுது' என்றால் இழுவை இல்லை என்று பொருள். அதோடு குழம்பும். சோக்கில் காற்று அமுக்கிக்குள் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றினாலும் காற்றின் அளவு பெரிதாக ஏறாது, சூடுதான் கூடும். போய் முட்டி நிற்பதால் 'முட்டுக்கோடு' என்று போட்டுப் பாருங்கள்.