குடும்பக் குரூப்: கார்த்தி ஃபார்ம்

மல்லிகா சித்தி: கார்த்தி அக்னிவீர் (பட்டாளத்துல நாலு வருஷ வேலை) ஃபார்ம் போடணுங்கறான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சுந்தரம் மாமா, நீங்க பட்டாளத்துல இருந்தவங்க, கொஞ்சம் சொல்லுங்க

சுந்தரம் பெரியப்பா: மொதல்ல ஆதாரையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. பேர், அப்பா பேர், பிறந்த தேதி ஒண்ணா இருக்கணும். இனிஷியல் இடம் மாறினாலே ராலியில, அதான் நேர்ல நடக்கற ஆள் எடுப்புல, சிக்கல்.

கார்த்தி: மாறித்தான் இருக்கு பெரியப்பா

சுந்தரம் பெரியப்பா: மார்க் ஷீட்டைத் தொடாதே. ஆதாரைத் திருத்து.

மல்லிகா சித்தி: பட்டாளத்துக்காரர் சொந்தம்னு கூடுதல் மார்க்குக்குக் காட்டற ரிலேஷன்ஷிப் சர்டிபிகேட், அதை உங்க பேர்ல வாங்கலாமா?

சுந்தரம் பெரியப்பா: அது மகனுக்குத்தாம்மா. தம்பி மகனுக்குக் கிடையாது.

விஜயா அத்தை: நம்ம வீட்ல எல்லாமே மகனுக்குத்தான்

செல்வம் மாமா: விஜயா, வீட்டுப் பேச்சு இங்க வேணாம்

கார்த்தி: ஓட்டம் எவ்ளோ?

சுந்தரம் பெரியப்பா: மொதல்ல ஆன்லைன் பரிட்சை, அது பாஸானாதான் ராலி. 1.6 கி.மீ., 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள வந்தா 60 மார்க். புல்-அப் 10 எடுத்தா 40. 9 அடி பள்ளம் தாண்டணும். மொத ரவுண்டுலயே பாய்ஞ்சா கடைசி ரவுண்டுல மூச்சு அடைக்கும். ஒரே வேகத்துல ஓடிப் பழகு.

விஜயா அத்தை: சம்பளம்?

சுந்தரம் பெரியப்பா: முதல் வருஷம் மாசம் 30,000. 9,000 சேவா நிதிக்கு (நாலு வருஷம் முடிஞ்சதும் மொத்தமா கிடைக்கற சேமிப்பு) பிடிச்சு கைக்கு 21,000. நாலாவது வருஷம் 40,000. நாலு வருஷத்துல பிடிக்கறது 5.02 லட்சம், அரசும் அவ்வளவு போடும். வட்டியோட சுமார் 11.71 லட்சம், வரி இல்ல. பென்ஷனும் இல்ல, கிராஜுவிட்டியும் இல்ல. நாலு வருஷம் முடிஞ்சா நூத்துக்கு 25 பேர் வரைதான் பட்டாளத்துல நிப்பாங்க.

விஜயா அத்தை: கல்யாணம்?

சுந்தரம் பெரியப்பா: நாலு வருஷமும் கூடாது.

செல்வம் மாமா: இளம் பட்டாளம் வேணும்னுதானே இந்தத் திட்டத்தை 2022ல கொண்டு வந்தாங்க. சராசரி வயசு 32லேர்ந்து 26 ஆகும்னு சொன்னாங்க

சுந்தரம் பெரியப்பா: மலைக்கு இளவயசு நல்லதுதான், ஒத்துக்கறேன். ஆனா ரேடியோ செட், பீரங்கி எல்லாம் கை பழகவே ரெண்டு மூணு வருஷம் ஆகும். பழகினவனை அனுப்பிட்டு மறுபடி புதுசுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஊர் பக்கமும் பாரு. சிப்பாய்க்கு 15 வருஷத்துல பென்ஷன் வந்தது. வேலூர் பக்கம் மாடி வீடு, பிள்ளைங்க காலேஜ் எல்லாம் அதுலதான். இப்ப பையன் 22 வயசுல திரும்பி வந்து வேற வேலை தேடணும். வேணும்னா கூப்பிடறது, வேணாம்னா அனுப்பறது நமக்குப் புதுசு இல்ல. 1857 சிப்பாய்க் கலகத்துக்கு அப்புறம் வெள்ளக்காரன் பஞ்சாபி, கூர்க்காதான் போர்ச் சாதின்னு சொல்லி மெட்ராஸ் பட்டாளங்களைக் கலைச்சான். உலகப் போர்ல ஆள் பத்தாமதான் 1940கள்ல திரும்பக் கூப்பிட்டான்.

செல்வம் மாமா: அது சரி

விஜயா அத்தை: வெள்ளிக்கிழமைதானே அப்பா திதி? சமையல்காரருக்கு யார் சொன்னது?

மல்லிகா சித்தி: நீங்க சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன் அண்ணி

கார்த்தி: பெரியப்பா, நாலு வருஷம் கழிச்சு சி.ஆர்.பி.எஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ்) வேலை கிடைக்குமா?

சுந்தரம் பெரியப்பா: ஒதுக்கீடு இருக்கு, வயசுத் தளர்வும் உண்டு. தானா கிடைக்காது. உள்ள இருக்கும்போதே படிக்கணும்.

மல்லிகா சித்தி: அப்ப போடலாமா வேணாமா மாமா?

சுந்தரம் பெரியப்பா: நாளைக்குக் காலையில ஆதார் சென்டருக்குப் போகட்டும். திதிக்கு வரும்போது அவன்கிட்ட நேர்ல பேசறேன்.

கார்த்தி: அன்னைக்குத்தான் கடைசி நாள் பெரியப்பா

விஜயா அத்தை: எத்தனை இலை சொல்லட்டும்?